பதினான்காம் முளை

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும்
மோட்டார்சைக்கிள் ஒருமுறை இருமியது.
இடப்பக்கம் களப்பு, வலப்பக்கம் கடல்.
நடுவில் நானும் றமீசும்
முப்பது மீற்றர் நாடாவும்
இறாத்தல் பாணும்.

கரை எவ்வளவு தேய்ந்தது என்று பார்ப்பது
எங்கள் உத்தியோகம்.
வாடைக்கு முன் ஒருமுறை, வாடை ஓய்ந்து ஒருமுறை.
கடல் கேளாமல் எடுத்ததையும்
சொல்லாமல் திருப்பித் தந்ததையும்
சென்ரிமீற்றரில் எழுதிக் கொடுப்போம்.

மாசி. நிலாவெளியில் இன்னும் ஆளில்லை.
ஹோட்டல் கதிரைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றன.
காவலாளி ஒருவன்
நீச்சல் தடாகத்தில் விழுந்த இலைகளை
இடாப்புக் கூப்பிடுபவன்போல
ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டிருந்தான்.
தூரத்தில் புறாமலை,
பெரியதும் சின்னதும்,
கதை நின்றுபோன இருவர் மாதிரி.

எங்கள் கந்தோரில் பழைய வரைபடம் ஒன்று.
வெள்ளைக்காரக் கடற்படை வரைந்தது.
ஊர்ப்பெயர்களைக் காதால் எழுதியிருக்கிறார்கள்;
அதில் கும்புறுப்பிட்டி
மூக்கடைத்தவன் சொன்னதுபோல் இருக்கும்.
கடல் முழுக்க எண்கள், எத்தனை பாகம் ஆழம் என்று.
கரைக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறுங்கடதாசி.
அந்த வெள்ளைக்குள் அன்றைக்கும் யாரோ
சோறு வடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

இறக்கக்கண்டியில் மசூதாவின் கடை.
பிளேன்ரீயை வைத்துவிட்டு
எங்கள் படிவத்தைத் தலைகீழாகப் பார்த்தாள்.
"கர குறைஞ்சிட்டெண்டு எழுதினா
எங்களயும் எழும்பச் சொல்லுவாங்களா?"
றமீஸ் கற்கண்டைக் கடித்தான்.
நான், அது வேறு திணைக்களம் என்றேன்.
எவ்வளவு நல்ல பதில் அது,
எத்தனை வருசமாய் வைத்திருக்கிறேன்.

கும்புறுப்பிட்டியில்
பதினான்காம் முளையைக் காணவில்லை.
பனையிலிருந்து இருபத்திரண்டு எட்டு என்று குறிப்பு.
பனையே தண்ணீருக்குள் படுத்திருந்தது,
வேர் வெளியே, தலை அலைக்குள்.
அடம்பன் கொடியை விலக்கிப் பார்த்தோம்.
நண்டு வளைகள், ஒற்றைச் செருப்பு,
சிங்கள எழுத்தோடு ஒரு மிதவை.

கடைசியில் வேலிக்குள் கண்டோம்.
சீமெந்து முளை, சிவப்பில் 14,
அதில் ஓர் ஆடு.
மங்களேஸ் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.
"கடல் பிடுங்கிப் போட்டது, நான் எடுத்தன்.
இப்ப கழட்டேலாது, குட்டி போடுற நாள்."

எங்கே நின்றது முளை? கை நீட்டினாள்.
நீட்டிய இடத்தில் ஓர் அலை உடைந்தது.
எங்கிருந்து அளப்பது என்று நாங்கள் நிற்க,
அவளே இறங்கி நடந்தாள்,
முழங்கால், தொடை, இன்னும் இரண்டு எட்டு.
"இதான். என்ர மனுசன் தோணி கட்டுற இடம்.
என்னிலயிருந்து அளவுங்கோ."

நாடாவின் மறுமுனையை அவள் பிடித்தாள்.
அலை வரும்போது கண்ணை மூடினாள், காலை எடுக்கவில்லை.
நான் வாசிக்க றமீஸ் எழுதினான்.
அந்த ஐந்து நிமிடம்
அரசாங்கத்தின் நிலையான புள்ளி
ஈரச்சேலையோடு நின்ற ஒரு பெண்.

குறிப்பு என்ற கட்டத்தில்
*முளை இடம்பெயர்ந்துள்ளது* என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன்.
அவளும் எட்டிப் பார்த்தாள்.
"அதுவுமோ?" என்று சிரித்தாள்.
எத்தனை தரம் என்று நான் கேட்கவில்லை,
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

குச்சவெளி வரை இன்னும் ஆறு முளைகள்.
வெயில் சாய நாடாவைச் சுருட்டியபோது
வளையத்தோடு முனையைக் காணவில்லை.
வேலியோரம் போட்டிருந்த நேரம்
ஆடு மென்றிருக்கிறது.
பூச்சியமும் ஒன்றும் அதன் வயிற்றில்;
நாடா இரண்டிலிருந்து தொடங்குகிறது.

புது நாடா கேட்டு எழுதவேண்டும்.
இன்னும் எழுதவில்லை.
அதற்குப் பிறகு நாங்கள் அளந்த கரையெல்லாம்
இரண்டு சென்ரிமீற்றர் கூட.